கப்பலில் காணாமல் போன ஒற்றைத் தோடு

2 நவம்பர் 2025 (ஒரு வாசகரின் கேள்வி)

ஓய்வுபெற்ற துப்பறியும் அதிகாரி ஒருவர் சொகுசுக் கப்பலில் போகிறார். நடுக்கடலில் ஒரு நகை காணாமல் போகிறது. இதை வைத்துத் தொடர்கதை எழுதுகிறேன். என் கணக்கு இதுதான்: கப்பலுக்குள் வெளியாள் வர முடியாது, உள்ளே இருப்பவர் ஓட முடியாது, எல்லார் பெயரும் பட்டியலில் இருக்கிறது. ஊரில் பத்து நாள் இழுக்கும் வேலை அங்கே ஒரு நாளில் முடிந்துவிடும். காவல்துறையில் இருந்தவர்கள் சொல்லுங்கள், இது சரிதானே?

3 நவம்பர், காலை

சரியில்லை.

நான் முப்பத்து மூன்று வருடம் காவல்துறையில் இருந்தவன். பாதிக்கு மேல் குற்றப்பிரிவு. காரைக்குடிப் பக்கத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றேன். நீங்கள் எழுதப்போகும் அதே நிலையில் 2023 மே மாதம் ஒரு கப்பலில் நின்றிருக்கிறேன். ஒரு நாளில் முடியும் என்று நானும் அன்றைக்கு நினைத்தேன்.

ஆள் ஓட முடியாது என்பது உண்மை. பொருள் ஓடிவிடும். ஊரில் நகை திருடுகிறவன் அதை அடகுக்கடைக்கோ பட்டறைக்கோ கொண்டு போயாக வேண்டும், நாம் அங்கே போய் உட்காரலாம். கப்பலில் கம்பியைத் தாண்டிக் கையை நீட்டினால் போதும். அப்புறம் எதைக் கைப்பற்றுவது, எதற்கு மகசர் (கைப்பற்றிய பொருளுக்கான பதிவு) எழுதுவது?

3 நவம்பர், இரவு

நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். பெயர் எதுவும் வராது. கப்பல் பெயரும் வராது.

எங்கள் தெருவில் ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பம். மூத்தவர் எனக்கு அண்ணன் மாதிரி. அவருடைய எழுபதாவது வயதுச் சாந்தி முடிந்ததும் பிள்ளைகள் ஏற்பாடு செய்து சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் என்று நாலு ராத்திரிக் கப்பல் பயணம். மொத்தம் பதினாறு பேர். என்னையும் என் மனைவியையும் விடாமல் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணனின் தாயார், எண்பத்தேழு வயது ஆச்சி, அவரும் வந்தார். ஆச்சியின் சின்ன மகனின் பெண், கல்லூரியில் படிக்கிறவள், ஆச்சியோடு ஒரே கேபினில்.

ஆச்சி காதில் பழைய ஏழு கல் வைரத் தோடு. ஒரு பக்கத்துக்கு ஏழு, ஜோடிக்குப் பதினாலு கல். கல்யாணத்தில் போட்டது, நகைச் சிட்டையில் எழுதியிருக்கிறது. ராத்திரி காது வலிக்கிறது என்று கழற்றி ஒரு வெள்ளிச் சிமிழில் போட்டுக் கட்டில் பக்கத்து இழுப்பறையில் வைப்பார். சுவரில் நம்பர் போட்டுப் பூட்டும் பெட்டி இருந்தது, அதில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

பினாங்கிலிருந்து கிளம்பிய மறுநாள் காலை ஏழரைக்குச் சிமிழைத் திறந்தால் ஒற்றைத் தோடுதான் இருக்கிறது.

அறையைச் சுத்தம் செய்யும் பையன் மேல் சந்தேகம் கிளம்பியது. தூத்துக்குடிப் பையன், இருபத்து நாலு இருபத்தைந்து வயது இருக்கும். கப்பலின் பாதுகாப்பு அதிகாரி அவனை விசாரித்தார். கடைசியில் புகாரைத் திரும்பப் பெற்றோம். தோடு கிடைக்கவில்லை.

5 நவம்பர்

யார் விசாரிப்பது, எந்த நாட்டுச் சட்டம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கதைக்கு இது முக்கியம், ஆகவே தெளிவாகவே எழுதுகிறேன்.

கப்பலின் பின்புறத்தில் அதன் பெயருக்குக் கீழே ஒரு ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். எங்கள் கப்பலில் நசாவு என்று இருந்தது. பஹாமாஸ் நாட்டின் தலைநகர். கப்பல் அங்கே ஒருநாளும் போயிருக்காது, பதிவு மட்டும் அங்கே. கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் அந்தந்த நாட்டின் கடல் எல்லை. அதைத் தாண்டிவிட்டால் கப்பல் எந்தக் கொடியோடு போகிறதோ அந்த நாட்டின் அதிகாரம். 1982 கடல் சட்ட உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. காரைக்குடி ஆச்சியின் தோட்டுக்குப் பஹாமாஸ் சட்டம்.

நம் சட்டமும் விட்டுவிடவில்லை. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்தை இங்கே விசாரிக்கலாம், ஆனால் அதற்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அந்தச் சமயத்தில் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் நடப்பில் இருந்தது. அதன் 380-ஆம் பிரிவை ஆயிரம் முறை எழுதியிருப்பேன்: கட்டடம், கூடாரம், கப்பல், இவற்றில் நடக்கும் திருட்டு. கப்பல் என்ற சொல்லை ஒவ்வொரு முறையும் அர்த்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்குக் கப்பலில் நின்றபோதுதான் அந்தச் சொல் கண் முன்னால் வந்தது. 2024 ஜூலை 1-இலிருந்து புதிய சட்டம், அதில் 305-ஆம் பிரிவு.

எனக்கு அங்கே இருந்த அதிகாரம் எந்தப் பயணிக்கும் இருக்கும் அதிகாரம். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு கேள்வி கேட்கக்கூட உரிமை கிடையாது. பாதுகாப்பு அதிகாரி பழைய கடற்படைக்காரர். நான் போலீசில் இருந்தவன் என்று தெரிந்ததும் மரியாதையாகப் பேசினார், கதவுப் பதிவைக் காட்டினார். அது அவருடைய பெருந்தன்மை. உங்கள் கதாநாயகன் எல்லாரையும் சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டி வைத்துக் கேள்வி கேட்பது நடக்காது. கேப்டன் ஒரு வார்த்தை சொன்னால் அவரைக் கேபினில் உட்கார வைத்துவிடுவார்கள்.

6 நவம்பர்

திருத்தம். கதவுப் பதிவைப் பற்றித் தனிச் செய்தியில் ஒருவருக்கு எழுதியபோது, "இரவு 9:40-க்குப் பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். தவறு. கார்டு போட்டு வெளியிலிருந்து திறந்தால்தான் பதிவாகும். உள்ளே இருப்பவர் பிடியைத் திருப்பித் திறந்தால் எதுவும் பதிவாகாது. 9:40-க்கு ஆச்சியும் பேத்தியும் உள்ளே போனதுதான் கடைசிப் பதிவு. அதற்கப்புறம் உள்ளே இருந்தவர்கள் எத்தனை முறை திறந்தார்கள், யாரை விட்டார்கள் என்று பதிவு சொல்லாது. தாழ்வாரத்துக் கேமரா சொல்லும்.

கேமராவில் ஒரே ஒரு ஆள். அந்தப் பையன். காலை 6:32-க்கு வெந்நீர் பிளாஸ்க்கோடு உள்ளே போகிறான், 6:36-க்கு வெளியே வருகிறான். ஆச்சிக்குத் தினம் வெந்நீர் வேண்டும். கதவைத் திறந்துவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். பேத்தி தூக்கம். நாலு நிமிடம்.

9 நவம்பர்

"பினாங்கில் ஆச்சி கோவில் உண்டியலில் போட்டிருப்பார்" என்று ஒருவர் ஊகம் சொல்லியிருக்கிறார். நல்ல ஊகம். பினாங்கில் இறங்கியதும் நேரே தண்ணீர்மலை போனோம். அங்கே உள்ள செட்டியார் முருகன் கோவில் 1857-இல் எழுந்தது. ஆச்சி அங்கே அரை மணி நேரம் அசையாமல் நின்றார். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பேரன் எடுத்த படத்தில் இரண்டு காதிலும் தோடு இருக்கிறது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி நானே பார்த்தேன்.

ஆச்சிக்கு அந்தக் கடல் புதிது இல்லை. அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, மலாயாவுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போனவர். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஆச்சியும் ஒருமுறை பினாங்குக்குப் போயிருக்கிறார். ரஜூலா கப்பல். 1926-இல் கட்டியது, எத்தனையோ ஆயிரம் தமிழர்களைச் சுமந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் தள்ளி நிற்கும், கரையிலிருந்து படகில் போய் ஏற வேண்டும். படகு ஏறி இறங்கும்போது தன் ஆத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுததை எங்களிடம் சொன்னார். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தது, யாரோ சமைத்த கருவாட்டு வாசம், ஒரு குழந்தை இறந்து கடலில் விட்டது, எல்லாம் சொன்னார். சொகுசுக் கப்பலின் கண்ணாடி லிப்டில் நின்றுகொண்டு சொன்னார். அவருக்கு அந்த லிப்டு கண்ணிலேயே படவில்லை.

ரஜூலாவுக்கு அப்புறம் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் அந்தக் கப்பல் காலம் முடிந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கப்பல் என்றால் இன்னும் இந்தக் கப்பல்கள்தான். நீச்சல் குளம் வைத்த கப்பலைச் சொன்னால் அப்படியா என்று கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

10 நவம்பர்

கேட்டவருக்கு: ஆமாம், கிளம்புமுன் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு விதியை இறுக்கினார்கள். கப்பல் கிளம்புமுன்போ கிளம்பிய உடனேயோ முடித்தாக வேண்டும். கதையில் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்க உங்கள் ஆளுக்கு அது ஒன்றுதான் வாய்ப்பு. அதைப் பயன்படுத்துங்கள்.

14 நவம்பர்

"கப்பலும் ஒரு பெரிய வீடுதானே" என்று எழுதியவருக்கு.

பெரிய வீட்டுத் திருட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் திருட்டு என்றால் எங்களுக்குத்தான் வரும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு வாசல். நடுவில் வளவு (முற்றம்), அதைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், ஒரு அறை. ஒருமுறை நிலையோடு ஒரு தேக்குக் கதவையே கழற்றிக் கொண்டு போய்விட்டார்கள். பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவி எட்டுப் பங்காளிகளிடம். ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் கோலாலம்பூரில். அந்த வழக்கில் நான் ஆறு மாதம் வெளித் திருடனைத் தேடினேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை கடையாக ஏறி இறங்கினேன். கதவை விற்றது பங்காளிகளில் ஒருவர். பணமுடை, கேட்க வெட்கம்.

அந்த அனுபவம் எனக்கு இருந்தது. அப்படியிருந்தும் கப்பலில் வெளி ஆளைத்தான் முதலில் பார்த்தேன். ஏன் என்று இரண்டரை வருடமாக யோசிக்கிறேன்.

15 நவம்பர்

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார்: "பையன் மேல் சந்தேகம் கிளம்பியது என்று எழுதினீர்கள். கிளப்பியது யார்?"

நான்.

யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆச்சி சொல்லவில்லை, அண்ணன் சொல்லவில்லை. பாதுகாப்பு அதிகாரி கேமராப் படத்தை ஓட்டியபோது, 6:32-க்கு நிறுத்தச் சொல்லி, "இந்த நாலு நிமிடம்" என்று விரலை வைத்துக் காட்டியது நான். காட்டியதோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது, தங்கைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள் என்று முந்தின நாள் அவன் என்னிடமே சொல்லியிருந்தான். தமிழ் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சொன்னது. அதையும் எடுத்து அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். முப்பத்து மூன்று வருடப் பழக்கம். நோக்கம் இருக்கிறதா, வாய்ப்பு இருக்கிறதா, இரண்டும் பொருந்தினால் ஆளைக் கொண்டுவா.

எட்டரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை அவனை உட்கார வைத்துக் கேட்டார்கள். அவன் படுக்கும் கீழ்த்தள அறையைப் புரட்டினார்கள், கூடத் தங்கியிருந்தவன் பெட்டியையும் சேர்த்து. கப்பல் வேலைக்காரர்களுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு தர வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. அந்த நாலு மணி நேரம் அவன் தூங்க வேண்டிய நேரம். சாயங்காலம் அவனை எங்கள் தளத்திலிருந்து எடுத்துச் சலவைப் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். சைன் ஆஃப் பண்ணி, அதாவது கப்பல் வேலையிலிருந்து விடுவித்து, அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்களோ என்று அவன் பயந்திருக்கிறான். இறக்கிவிட்டால் அடுத்த கப்பலில் யார் எடுப்பார்கள்?

முதல் நாள் எழுதும்போதே இதை எழுதியிருக்க வேண்டும்.

17 நவம்பர்

உங்களில் நாலு பேர் என்னைத் தேற்றி எழுதியிருக்கிறீர்கள். நன்றி. ஆனால் "யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்" என்பதை நான் ஏற்கவில்லை. என் கையில் அப்போதே ஒரு தடயம் இருந்தது, அதை நான் பார்க்கவில்லை. கதை எழுதுகிறவர் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

ஒற்றைத் தோடு. நாலு நிமிடம் கிடைத்த திருடன் ஒரே சிமிழில் இருக்கும் ஜோடியில் ஒன்றை மட்டும் ஏன் எடுக்கிறான்?

18 நவம்பர்

பதில்கள் வந்திருக்கின்றன. "அவசரத்தில் ஒன்று விழுந்திருக்கும்." கட்டிலைத் தூக்கிப் பார்த்தோம், கழிவறைத் தொட்டியின் குழாயைக்கூடக் கழற்றிப் பார்த்தார்கள். "ஒன்று காணோம் என்றால் ஆச்சிக்கு மறதி என்று நினைப்பார்கள்." இது பரவாயில்லை, ஆனால் இவ்வளவு கணக்குப் போடுகிற திருடன் சிமிழோடு எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

ஒருவர் மட்டும் எழுதியிருக்கிறார்: "இரண்டும் ஒரே மாதிரி இல்லாமல் இருந்திருக்கலாம்." அவருக்கு வணக்கம். குற்றப்பிரிவில் இருந்த எனக்கு இது தோன்ற ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆனது.

22 நவம்பர்

இத்தனை நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஆச்சி இந்த வருடம் மாசி மாதம் காலமானார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு அவருடைய சின்ன மகன் தன் அண்ணன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இங்கே எழுதலாமா என்று போன வாரம் இருவரையும் பார்த்துக் கேட்டேன். "ஆத்தாவைப் பற்றித் தப்பாகத் தெரியாமல் எழுது" என்றார் பெரியவர். சின்னவர் தலையை மட்டும் ஆட்டினார்.

புக்கெட்டில் எல்லாரும் கரைக்குப் போன அன்று நானும் ஆச்சியும் மட்டும் கப்பலில் இருந்தோம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "விட்டுருப்பா தம்பி. கடல் கொண்டுபோச்சுன்னு நினைச்சுக்கிறேன்" என்றார். நான் ஆறுதல் சொன்னேன். அந்த நேரம் வரை கடல் என்ற பேச்சையே யாரும் எடுத்திருக்கவில்லை. திருட்டு என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். காதில் விழுந்ததை மனசு வாங்கவில்லை.

அன்று ராத்திரி எங்கள் கேபினில் என் மனைவி காற்று வேண்டும் என்று பால்கனிக் கதவைத் திறந்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஏசி நின்றுவிட்டது. கெட்டுப்போய்விட்டது என்று போன் செய்தோம். பால்கனி திறந்திருந்தால் ஏசி தானாக நின்றுவிடும், மூடுங்கள் என்றார்கள்.

காலையில் அந்தப் பேத்தி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதையாவது கவனித்தாயா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லை மாமா. நடு ராத்திரி ஏசி நின்னுபோச்சு, புழுக்கத்துல ஒரு தடவை புரண்டு படுத்தேன், அவ்வளவுதான்" என்றாள். குறித்துக்கொள்ளக்கூட இல்லை நான்.

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். பேத்தி தூங்குகிறாள். கதவுப் பதிவில் யாரும் இல்லை, கேமராவில் காலை 6:32 வரை யாரும் இல்லை. பால்கனியைத் திறந்தது யார்?

23 நவம்பர்

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்குக் கப்பலின் மேல்தளத்துக்குப் போனேன். ஆச்சி ஏற்கெனவே அங்கே இருந்தார். சிங்கப்பூருக்குத் திரும்பும் நாள், முழுக்கக் கடல். காதில் ஒன்றும் இல்லை, மிச்சம் இருந்த தோட்டையும் கழற்றி வைத்துவிட்டார்.

நான் கேட்கவில்லை. எத்தனையோ ஆட்களிடம் எப்படியெல்லாமோ கேட்டிருக்கிறேன், அவரிடம் எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நேற்று ராத்திரி எங்க ரூம்லயும் ஏசி நின்னுபோச்சு ஆச்சி, பால்கனியைத் திறந்தா நின்னுருமாம்" என்று மட்டும் சொன்னேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

"ஏழு வருஷமா ஒரு காது குளிரும், ஒரு காது குளிராது தம்பி."

சின்ன மகன் தொழிலில் நொடித்துப்போன வருடம். வலது தோட்டின் திருகாணி லூசாக இருக்கிறது, மாற்றிக் கொண்டு வருகிறேன் என்று அந்த ஒன்றை மட்டும் வாங்கிப் போயிருக்கிறார். பத்து நாளில் திரும்பி வந்தது. ஆச்சி காலையில் போட்டுக்கொள்ளுமுன் தோட்டை உதட்டில் வைத்துப் பார்ப்பது சின்ன வயதுப் பழக்கம். வைரம் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், அதனால் தொட்டால் குளிரும். திரும்பி வந்த தோடு குளிரவில்லை. அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஒருவரிடமும் சொல்லவில்லை, மகனிடமும் கேட்கவில்லை. "கேட்டா அவன் பொய் சொல்லணும். எதுக்கு அவனைப் பொய் சொல்ல வைக்கணும்" என்றார்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறும்போது பெரியவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்: திரும்பி வந்ததும் சிராங்கூன் சாலையில் தோட்டைக் கொடுத்து மெருகு போட்டு, கல்லையும் சோதித்து எழுதி வாங்கிவிடலாம், பங்கு பிரிக்கும்போது சிட்டையோடு சரியாக இருக்கும். கெட்ட எண்ணம் இல்லை. கணக்கு எழுதிப் பழகிய குடும்பம், அவர் அப்படித்தான் யோசிப்பார். ஆச்சிக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"தண்ணீர்மலையான்கிட்ட நின்னு கேட்டேன். ரெண்டு பிள்ளையும் ஒண்ணா இருக்கணும்னு கேட்டேன். ராத்திரி எந்திரிச்சுப் போட்டுட்டேன்."

அப்போதுதான் நான் பையனைப் பற்றிச் சொன்னேன். ஆச்சிக்கு அதுவரை தெரியாது. வேறு பையன் வெந்நீர் கொண்டு வந்தபோது கேட்டிருக்கிறார், வேலை மாற்றம் என்று சொல்லிவிட்டார்கள். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "என்னை எதுக்குப்பா நேத்தே கேக்கலை?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எட்டு மணிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு ரிசப்ஷனுக்கு வந்தார். தோடு தன் கையிலிருந்துதான் பால்கனியில் தவறிக் கடலில் விழுந்தது, ராத்திரித் தூக்கக் கலக்கத்தில் நினைவில்லாமல் போய்விட்டது, யார் மேலும் புகார் இல்லை என்று சொன்னார். நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பையனைக் கூப்பிடச் சொன்னார். சலவை உடுப்போடு, ஈரக் கையோடு வந்தான். எல்லார் முன்னாலும் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கப்பா, தப்பு என்னுது" என்றார் ஆச்சி. அவன் பதறிக் குனிந்துவிட்டான்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

24 நவம்பர்

"ஆச்சி எழுதிக் கொடுத்ததும் பொய்தானே, அதை எழுதியது நீங்கள்தானே" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஆமாம். பணியில் இருந்த காலத்தில் ஒரு பொய் வாக்குமூலமும் என் கையெழுத்தில் இல்லை. இது ஒன்று. அதற்காக எனக்கு வருத்தமில்லை.

பெரியவர் அன்றைக்குக் கோபப்பட்டார், இவ்வளவு விலையுள்ளதைக் கடலில் விட்டுவிட்டீர்களே என்று. ஆச்சி எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். சின்னவர் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று இப்போது சொல்கிறார்.

9 டிசம்பர்

திருக்கார்த்திகை கழிந்துவிட்டது. எங்கள் தெருவில் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்புக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தெரியாதவர்களுக்காக: கடலில் புயலில் மாட்டிக்கொண்ட நகரத்தார் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, நாள் தவறாமல் இருக்க ஒரு நாளைக்கு ஒரு இழை என்று வேட்டியிலிருந்து உருவி வைத்தார்களாம். இருபத்தோராம் நாள் கரை சேர்ந்தார்கள் என்று கதை. இன்றைக்கும் இருபத்தோரு நூல் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அதற்கு இழை எடுப்பது என்று பெயர். கப்பல் மேல்தளத்தில் அன்று விடிகாலையில் ஆச்சி இந்தக் கதையையும் சொன்னார். சொல்லிவிட்டு, "எங்க வீட்டுல இழை எடுக்க ரெண்டு மகனும் ஒண்ணா நிக்கணும் தம்பி" என்றார்.

இந்த வருடம் இருவரும் நிற்கப்போகிறார்கள். சின்னவரின் மனைவி வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்படியே ஆச்சியின் பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்தார். மொய், சீர், யாருக்கு எவ்வளவு என்று ஆச்சி கையால் எழுதியது. கடைசிப் பக்கத்தில் "கப்பல் தம்பி" என்று ஒரு பெயர், தூத்துக்குடி முகவரி, போன் நம்பர். கீழே இரண்டு வரி: 2023 தீபாவளி, தேன்குழல் ஒரு தூக்கு. 2024 தீபாவளி, தேன்குழல், சீப்புச் சீடை.

13 டிசம்பர்

நேற்று அந்த நம்பரில் பேசினேன். விடுமுறையில் வீட்டில் இருக்கிறான், ஜனவரியில் வேறு கப்பல் ஏறுகிறான். தங்கை கல்யாணம் நல்லபடி நடந்துவிட்டதாம்.

இரண்டரை வருடமாக மனதில் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்: அன்றைக்கு உன் பெயரைக் கொடுத்தது நான்.

"தெரியும் சார்" என்றான். விசாரித்தவர் அன்றைக்கே சொல்லிவிட்டாராம், உங்கள் ஊர் போலீஸ்காரர்தான் சொன்னார் என்று. கடைசி நாள் காலை, இறங்குமுன், எங்கள் பெட்டியை லிப்டு வரை தூக்கிக்கொண்டு வந்தது அவன்தான். தெரிந்துகொண்டே தூக்கியிருக்கிறான்.

என்ன சொல்வது என்று தெரியாமல் நான் பேசாமல் இருந்தேன். அவனே கேட்டான்: "இந்தத் தீபாவளிக்குத் தேன்குழல் வரலை சார். ஆச்சி நல்லா இருக்காங்களா?"

சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவனுடைய அம்மா "யாருப்பா?" என்று கேட்பது கேட்டது.

இன்று காலை என் மனைவி மாவு அரைக்கக் கொடுத்திருக்கிறாள். சின்னவர் வீட்டிலிருந்து அச்சும் தூக்கும் வந்திருக்கின்றன. அவன் கப்பல் ஏறுமுன் நானே தூத்துக்குடிக்கு எடுத்துப் போகிறேன்.